மச்சான் பிடித்த கயிறு

1963 பெப்ரவரி 12, செவ்வாய்

பிறப்பு இரண்டு, இறப்பு ஒன்று. சனூன் தன் மகளுக்குப் பெயர் பதிய வந்தார். றாபியா என்று எழுதினேன். வெயிலில் மை காய்ந்து பேனை சறுக்குகிறது. கந்தோருக்குப் புது மை கேட்டு எழுதி ஒரு மாதம் ஆகிறது, மறுமொழி இல்லை.

திரும்பும் வழியில் மீன் சந்தையில் வின்சன்டைக் கண்டேன். "அத்தான், பாரை நல்லாயிருக்கு, ஒண்டு கொண்டுபோங்கோவன்" என்றான். வேண்டாம் என்றேன். ஏழு வருடமாக அவன் கேட்கிறான், ஏழு வருடமாக நான் வேண்டாம் என்கிறேன். வெட்கம் கெட்ட பிறவி. என் தம்பியைக் கடலில் விட்ட கையால் எனக்கு மீன் நீட்டுகிறான்.

இந்தக் கொப்பியில் இதுவரை அதை முழுதாக எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன். 1955 மார்ச் 9ஆம் திகதி என் தம்பி செபமாலை சங்கு குளிக்க இறங்கினான். வள்ளத்தில் கயிறு பிடித்தவன் வின்சன்ட், தம்பியின் மனைவி எடித்தின் அண்ணன். இந்தக் கரையில் குளியாளின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தன் கூடப்பிறந்தவளின் தாலியைத் தானே அறுக்க எவனும் துணியமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் மரணத்தை விசாரித்த பழைய கொறனரும் இருந்தார். "கை நழுவிப் போச்சு" என்று வின்சன்ட் சொன்னதை அப்படியே எழுதி, விபத்து என்று கையெழுத்து வைத்தார். கை நழுவிய கயிறு எங்கே? உடல் கிடைத்தது, கயிறு மட்டும் கடலோடு போய்விட்டதாம். ஒருவரும் மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் அப்போது வவுனியாவில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சவப்பெட்டி மூடுகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பிறப்பு இறப்புப் பதிவாளராகவும் திடீர் மரணங்களை விசாரிக்கிற கொறனராகவும் ஆனேன். நல்ல உத்தியோகத்தை விட்டவன் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். கடலோடு பிழைக்கிறவனுக்கு இன்னொரு நாளும் கை நழுவும். அன்றைக்கு எழுதுகிற கை என்னுடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

பெப்ரவரி 15, வெள்ளி

கலியாணம் பேசிக்கொண்டு தரகர் வந்தார். எனக்கு நாற்பத்தாறு வயது என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

பெப்ரவரி 19, செவ்வாய்

மத்தியானம் பொலிஸ் சாஜன் சைக்கிளில் வந்தார். சிலாவத்துறைக்கு நேரே கடலடிப் பாறைத் திட்டான பாரில் சங்கு குளித்த பெனடிக்ற் செத்துப்போனான். இருபத்தைந்து வயது, கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வள்ளம் வின்சன்டுடையது.

"கயிறு பிடிச்சது ஆர்?" என்று கேட்டேன். சாஜன் தென்பகுதிக்காரர், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். கொப்பியைப் பார்த்து "வின்சன்ட்" என்றார்.

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். ஆண்டவர் என்னை மறக்கவில்லை என்று நினைத்தேன். பெனடிக்றை நினைக்கவில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

பெப்ரவரி 20, புதன்

காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. எங்கள் ஊர் பள்ளிமுனை முழுவதும் வாசலில் நின்றது. டொக்டர் தண்ணீரில் மூச்சடைத்த மரணம் என்று எழுதித் தந்திருந்தார். அதில் எனக்கு வேலை இல்லை.

முதலில் பெனடிக்றின் மனைவி பெற்றிசியா. அழுது ஓய்ந்த முகம். "உம்மடை புருஷனுக்கு ஏன் வின்சன்ட் கயிறு பிடிச்சவர்?" என்று கேட்டேன்.

"எனக்கு அண்ணன் தம்பி இல்லை ஐயா. வின்சன்ட் அண்ணைதான் எனக்கு அண்ணனாய் நிண்டு பிடிக்கிறவர்."

அடுத்தது வள்ளத்தில் தண்டு வலித்த கதிர்காமு. கட்டுக்கரைப் பக்கத்து வயல்காரன். அரிவு வெட்டு முடிந்தால் நாலு மாதம் இங்கே கூலிக்கு வந்து நிற்பான். சாவுக்கு முந்தின நாட்களில் பெனடிக்றுக்கும் வின்சன்டுக்கும் ஏதும் பேச்சு வந்ததா என்று கேட்டேன். பெனடிக்ற் வேறு வள்ளத்துக்குப் போகப்போவதாகச் சொன்னான், வின்சன்டுக்குக் கோபம் வந்தது என்றான். எழுதிக்கொண்டேன். பிறகு இரண்டுபேரும் ஒரு கோப்பையில் கள்ளுக் குடித்தார்கள் என்றும் சொன்னான். அதை எழுதவில்லை.

கடைசியாக வின்சன்ட். என் முகத்தைப் பார்த்தே பேசினான். "ரெண்டாம் தரம் இறங்கினவன் ஐயா. மேலை தூக்கச் சொல்லிக் கயிறைச் சுண்டினவன். நான் தூக்கினன். கீழை எங்கையோ கொளுவிக்கொண்டுது. எல்லாப் பலத்தையும் போட்டு இழுக்க, அறுந்து வந்திட்டுது. நான் குதிச்சனான். எட்டுப் பாகம் ஆழம். போய்ச் சேரேக்கை எல்லாம் முடிஞ்சுது."

பெனடிக்றின் இடுப்பு முடிச்சை அவிழ்த்துத்தான் உடலை மேலே கொண்டுவந்தார்களாம். மீதிக் கயிறு பாருக்குள் சிக்கிக் கிடக்கிறது. ஆகவே மிஞ்சியது ஒரே ஒரு நுனி, வள்ளத்தில் இருந்த நுனி. அது இப்போது என் பொறுப்பில். கயிற்றைச் சோதித்த பிறகு நாளைக்குத் தீர்ப்பு என்று சொல்லி எழுந்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. மத்தியான வெயிலில் தெருவும் வெறிச்சோடிக் கிடந்தது. கயிற்றை மேசையில் வைத்துப் பார்த்தேன். மூன்று புரித் தும்புக் கயிறு. அறுந்த இடம் தும்பு தும்பாகப் பிரிந்து, சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. பாறையில் உரசி அறுந்தது. அதைச் சொல்ல ஏழு வருட அனுபவம் தேவையில்லை.

கதவைச் சாத்தினேன். பென்சில் சீவுகிற கத்தியை எடுத்தேன். மூன்று புரியில் இரண்டை நேராக வெட்டினேன். ஒன்றைத் தும்பாகவே விட்டேன். முதலே பாதி அறுத்து வைத்த கயிறு, பாரம் விழுந்ததும் மீதியும் போனது. அப்படித்தான் பார்க்கிறவனுக்குத் தெரியும். வெட்டிய முகத்தில் உப்புத் தண்ணீர் தொட்டு அரை மணி நேரம் வெயிலில் காயவைத்தேன். வெட்டித் தள்ளிய தும்பை அடுப்பில் போட்டேன்.

பெனடிக்றை அவன் கொல்லவில்லை, தெரியும். செபமாலையைக் கொன்றான். ஒரு கொலைக்கு ஒரு தூக்கு. பெயரில்தானே பிசகு.

பெப்ரவரி 21, வியாழன்

கதிர்காமுவை மறுபடி கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தேன். "அறுந்ததோ, வெட்டினதோ? வடிவாய்ப் பாரும்" என்றேன்.

நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐயா, வள்ளத்திலை பாக்கேக்கை முழுக்கத் தும்பாய்க் கிடந்த மாதிரி..."

"மாதிரி எண்டு எழுதேலாது. இப்ப உம்மடை கண்ணுக்கு என்ன தெரியுது?"

"இப்ப... வெட்டின மாதிரி..." என்று நிறுத்தி, "வெட்டினதுதான்" என்றான்.

கயிற்றைக் கைக்குக் கை பார்க்கவிட்டேன். பெற்றிசியா எழுந்து போய் வின்சன்டின் முகத்தில் காறித் துப்பினாள். அவன் துடைக்கவில்லை. கயிற்றைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. நான் விரும்பியதும் அதுதான். ஆர் செய்தது என்று தெரியாமல் அவன் போகக்கூடாது.

சந்தேகத்துக்குரிய மரணம், கொலையாக இருக்கலாம் என்று தீர்ப்பெழுதினேன். எழுத்து நன்றாக விழுந்திருந்தது. சாஜன் விலங்கைப் போட்டார். போகிறபோது வின்சன்ட் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். ஏதாவது கெஞ்சுவான் என்று காத்திருந்தேன்.

"அத்தான், பெற்றிசியாவை ஆரையாவது வீட்டை கூட்டிக்கொண்டுபோய் விடச்சொல்லுங்கோ. வெயிலுக்கை நிக்கிறாள்."

நடிப்பு. எட்டு வருடம் பழகின நடிப்பு.

பெப்ரவரி 27, விபூதிப் புதன்

தவசு நோன்புக் காலம் தொடங்கியது. வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கினேன். நன்றாகப் பசிக்கிறது. நன்றாக நித்திரை வருகிறது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

மார்ச் 1, வெள்ளி

பெற்றிசியா மரண அத்தாட்சிக்கு வந்தாள். எழுதிக் கொடுத்தேன். போகாமல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஐயா, எங்கடை வீட்டிலைதான் வின்சன்ட் அண்ணை அண்டைக்கு விடியச் சாப்பிட்டவர். நான்தான் புட்டுப் போட்டனான். கயிறை அறுத்து வைச்சிட்டு வந்தோ ஐயா என்ரை கையாலை வாங்கித் திண்டவர்?"

"ஓம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் போன பிறகு பத்திரத்தில் இரண்டு இடம் பிழையாக எழுதியிருப்பது கண்ணில் பட்டது. நான் பிழை விடுகிறவன் அல்ல. கூப்பிட்டுத் திருத்திக் கொடுத்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

நீதவான் கோட்டில் விசாரணை 18ஆம் திகதி. அதில் நான் சத்தியம் செய்து கயிற்றைப் பற்றிச் சொன்னால் வழக்கு மேல்கோட்டுக்குப் போகும். மேல்கோட்டில் கொலைக்கு என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். சாஜன் மற்றப் பாதிக் கயிற்றைத் தேடி எடுக்க முடியாதா என்று கேட்டார். அந்தப் பாரில் இனி எவனும் இறங்கமாட்டான் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 9, சனி

தம்பியின் எட்டாம் ஆண்டுப் பூசை. முன் வாங்கில் எடித். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனுக்காகக் கண்ணீர் விடுகிறாள் போல. புருஷனுக்கு விட்டதைவிட இது கூட. பூசை முடிந்து பேசாமல் போனாள். போகட்டும். தம்பிக்கு நான் ஒருத்தன் போதும்.

மார்ச் 11, திங்கள்

எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலை பத்து மணிக்கு எடித் வந்தாள். கதிரை போட்டேன், இருக்கவில்லை.

"கயிறு வெட்டினது எண்டு எழுதினது நீங்கள்தானே?"

"கயிறுதான் சொல்லிச்சுது. நான் எழுதினன்."

"அண்ணர் வெட்டேல்லை அத்தான்."

"உம்மடை புருஷனைக் கொலை செய்தவனுக்காக என்னட்டை வாறீரோ?" என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் உரல் சத்தம் நின்றது.

அவள் சேலைத் தலைப்பை அவிழ்த்து ஒரு லேஞ்சித் துணியை எடுத்து மேசையில் விரித்தாள். உள்ளே ஓர் உத்தரியம், கழுத்தில் போடுகிற மாதாவின் துணிப்படம். அம்மா தன் கையால் சிவப்பு நூலில் விளிம்பு தைத்தது. எனக்கு ஒன்று, செபமாலைக்கு ஒன்று. என்னுடையது என் கழுத்தில் கிடக்கிறது. அவனுடையதைக் கடல் எடுத்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். பெட்டியில் அவன் கழுத்து வெறுமையாக இருந்தது. பார்த்தேன், பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நான்! கொறனர்!

"அண்டைக்கு விடிய இதைக் கழட்டித் தலையணைக்குக் கீழை வைச்சிட்டுப் போனவர்" என்றாள். "ஒருநாளும் கழட்டாத ஆள். கடலிலை மாதாவின்ரை உடுப்போடைதான் இறங்கவேணும் எண்டு எனக்கே சொல்லுறவர். பிள்ளை போன பிறகு அவர் மனுசராய் இருக்கேல்லை அத்தான். காய்ச்சலோடை கிடந்த பிள்ளையை விட்டிட்டுக் கடலுக்குப் போனன் எண்டு சொல்லிச் சொல்லி... நீங்கள் வவுனியாவிலை இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரியாது."

பிள்ளை செத்தது தெரியும். அனுதாபக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்.

"அண்ணர் கயிறை இழுக்க வெறுங்கயிறு வந்தது. முடிச்சைக் கையாலை அவிழ்த்திருக்கு. அண்ணர் அதைக் கண்டவுடனை கயிறைச் சுருட்டிக் கடலுக்கை எறிஞ்சுபோட்டார். வந்து என்னட்டைச் சொன்னார். தானாய்ச் செத்தவரைச் சவக்காலைக்குள்ளை விடமாட்டினம், வேலிக்கு வெளியிலை பூசை இல்லாமல்தான் தாழ்ப்பினம் எண்டு எங்கள் ரெண்டுபேருக்கும் தெரியும். கை நழுவினது எண்டு சொல்லுங்கோ அண்ணை எண்டு நான்தான் காலிலை விழுந்தனான். அவர் சொன்னார். அதுக்குப் பிறகு ரெண்டு வருஷம் அயலூர்க்காரர் ஒருத்தரும் அவரைத் தங்கடை வள்ளத்திலை ஏத்தேல்லை."

"எட்டு வருஷமாய் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எழுதுற ஆள் அத்தான். உங்களுக்குத் தெரிஞ்சால் எழுதிப்போடுவீங்கள் எண்டு பயந்தனாங்கள்."

போகும்போது உத்தரியத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 12, செவ்வாய்

பொய். அண்ணனைக் காப்பாற்றப் பெண் பொய் சொல்கிறாள். உத்தரியத்தை எப்போதாவது கழற்றிக் கொடுத்திருப்பான். நம்பமாட்டேன்.

அதே நாள், பின்னேரம்

நம்புகிறேன்.

மார்ச் 14, வியாழன்

பதிவாளர் என்று சொல்லி மறியல் சிறையில் வின்சன்டைப் பார்க்க அனுமதி வாங்கினேன். கம்பிக்கு அப்பால் நின்றான். மெலிந்துவிட்டான். அவனைத் தைரியசாலி என்று எடித் நினைக்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நன்றாகப் பயந்திருந்தான்.

"எடித் வந்தவ" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லிப்போட்டாளோ?" என்றான்.

"நான்தான் கயிறை வெட்டினது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"மண்டபத்திலையே தெரியும்."

"பிறகு ஏன் வாயைத் திறக்கேல்லை? கொறனர் வெட்டினவர் எண்டு கத்தியிருக்கலாமே!"

"கத்தினால், ஏன் வெட்டினவர் எண்டு கேப்பினம். செபமாலைக்காக எண்டு சொல்லவேணும். செபமாலைக்கு என்ன நடந்தது எண்டு தோண்டுவினம்." கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஆனால் தூக்கு வரைக்கும் போகும் எண்டு நான் நினைக்கேல்லை அத்தான். எங்கையாவது ஒரு இடத்திலை நிண்டிடும் எண்டு பாத்தன். எனக்கு மூண்டு பிள்ளையள். நீங்கள் ஏதாவது செய்யவேணும். செய்யத்தான் வேணும். நீங்கள் செய்த வேலைதானே!"

கடைசி வார்த்தையில் கோபம் இருந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவை அவன் என்னிடம் கோபப்பட்டான். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

"செய்யிறன்" என்றேன்.

திரும்பி நடந்தேன். பின்னால் கூப்பிட்டான். "அத்தான், செபமாலையைத் தொடாதேங்கோ."

மார்ச் 16, சனி

சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒருவனைத் தூக்குக்கு அனுப்பப் பொய்ச் சாட்சி உண்டாக்கியவனுக்குப் பத்து வருடம் வரை. பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. கயிறு என் பக்கம், கதிர்காமுவின் சாட்சி என் பக்கம், ஊரின் வெறுப்பும் என் பக்கம். இருந்துவிடலாமா என்று ஒரு முழுப் பகல் யோசித்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், யோசித்தேன்.

சொல்வதானாலும் எப்படிச் சொல்வது? கயிற்றை நான்தான் வெட்டினேன் என்றால், ஏன் என்று கேட்பார்கள். தம்பிக்காக என்றால் தம்பியின் கதை வெளியே வரும். பதிவுக் கந்தோரில் இருந்துகொண்டு எத்தனையோ பேரின் மரணத்துக்குக் காரணம் எழுதியிருக்கிறேன். இதற்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

டேய் செபமாலை. உனக்காகக் கலியாணம் கட்டேல்லை. உனக்காக நல்ல உத்தியோகத்தை விட்டன். உனக்காகத் தினமும் ஒருத்தனை மனசுக்குள்ளை கொலை செய்தன். ஒரு கடிதம் போட்டிருக்கலாமேடா எனக்கு. அண்ணை, ஏலாமல் கிடக்கு எண்டு ஒரு வரி. வவுனியா என்ன சீமையோ? பஸ்ஸிலை ஏறினால் மத்தியானத்துக்குள்ளை வந்திருப்பனே. இப்ப எனக்கு உன்னிலைதான் ஆத்திரம். வேறை ஒருத்தரிலும் இல்லை. உன்னை எந்தக் கோட்டிலை நிப்பாட்டுறது?

மார்ச் 18, திங்கள்

கோட்டில் நிற்க இடம் இல்லை. பள்ளிமுனை ஆம்பிளைகள் ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை. முன்னுக்குப் பெற்றிசியா, சுவரோடு எடித், வாசல் தூணில் சாய்ந்து கதிர்காமு. கூண்டில் வின்சன்ட்.

வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். கயிற்றை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அது எப்படி அறுந்தது என்று கேட்டார்கள்.

"பாரில் உரசி அறுந்தது. பிறகு இரண்டு புரியை என் வீட்டில் வைத்து நான் வெட்டினேன்" என்றேன்.

நீதவான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து ஆறு மாதம்தான். தான் சொல்வது என்னவென்று சாட்சிக்கு விளங்குகிறதா என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். பென்சில் கத்தியைப் பற்றிச் சொன்னேன், உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், அடுப்பில் போட்ட தும்பைச் சொன்னேன். கதிர்காமுவை நான் வெருட்டிச் சொல்லவைத்தேன் என்றும் சொன்னேன். ஒரு விசாரணையை எப்படி நடத்த வேண்டுமோ அப்படி இன்றைக்குத்தான் ஒழுங்காக நடத்தினேன்.

"எதற்காகச் செய்தீர்?"

அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் ஆயத்தம் இல்லை. வின்சன்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் தானாகச் சொன்னது.

"வேலித் தகராறு, கனம் நீதவான் அவர்களே. எனக்கும் அவருக்கும் பத்து வருடமாக வளவு வேலியில் பிரச்சினை. அரை முழம் என் பக்கம் தள்ளி அடைத்துவிட்டார். அந்தக் கோபம்."

"அரை முழ வேலிக்கா ஒருவனைத் தூக்குக்கு அனுப்பப் பார்த்தீர்?"

"ஓம்."

அவருடைய முகத்தில் வந்த அருவருப்பை எழுத எனக்குச் சொல் இல்லை. இத்தனை வருடம் நான் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு திரிந்தேன்! தம்பியின் பழியைச் சுமக்கிற அண்ணன். கோட்டுப் புத்தகத்தில் இப்போது நான் அரை முழ வேலிக்காரன். அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. கீழே என் கையெழுத்து.

வின்சன்டை அங்கேயே விடுதலை செய்தார்கள். என்னைச் சாஜன் கூட்டிக்கொண்டு போனார். அவர்கூட என்னைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

மார்ச் 20, புதன்

பிணையில் வெளியே விட்டிருக்கிறார்கள். பெற்றிசியா வாசல் படலையில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "வின்சன்ட் அண்ணையின்ரை முகத்திலை துப்பினனான். ஊருக்கு முன்னாலை. உங்கடை சொல்லைக் கேட்டு" என்றாள். பிறகு என் படலையில் துப்பிவிட்டுப் போனாள். நியாயம்தான். அவளுடைய புருஷனுடைய சாவை நான் ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

கடைக்காரர் சாமானை என் கையில் தராமல் பலகையில் வைக்கிறார்.

மார்ச் 25, திங்கள்

பதிவுப் புத்தகங்களைக் கச்சேரிக்கு ஒப்படைக்கக் கட்டிக்கொண்டிருந்தேன். கதிர்காமு வந்தான். கட்டுக்கரைக்குத் திரும்பிப் போகிறானாம், இந்த வருடத்துக்குக் கடல் போதுமாம். என்னை வெருட்டிச் சொல்லவைத்தவர் என்று திட்டிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். புத்தகக் கட்டைத் தூக்கி வாசலில் வைக்க உதவினான்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும்போல இருந்தது. என் வீடு கோயிலடியில் இருக்கிறது. வின்சன்டின் வீடு கடற்கரைக் கோடியில். இரண்டுக்கும் நடுவில் நாற்பது வீடு. எங்களுக்குள் வேலி என்று ஒன்று இருந்ததே இல்லை. நீதவானுக்குத் தெரியாது, சாஜனுக்கும் தெரியாது. ஆனால் கோட்டில் நின்ற மற்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். வேலி என்று நான் சொன்னபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. அந்த நேரம் எனக்கு அது உறைக்கவில்லை.

"கதிர்காமு, நான் வேலி எண்டு சொன்னது பொய் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓம் ஐயா."

"ஊரிலை எல்லாருக்கும் தெரியும். பிறகு ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டான். படலைப் பக்கம் பார்த்தபடி சொன்னான்.

"திறந்தால் உங்கடை தம்பியாற்ரை கதையெல்லோ வரும் ஐயா. நான் வயல்காரன், இஞ்சை வந்த முதல் வருஷமே எனக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாது எண்டுதான் ஊரிலை சொல்லி வைச்சவை."

அவன் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கட்ட இன்னும் மூன்று புத்தகங்கள் கிடந்தன. 1955ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்தேன். மரணத்துக்குக் காரணம்: கயிறு பிடித்தவரின் கை நழுவியதால். கீழே சாட்சிகள் ஆறு பேர். ஆறு பேருடைய பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாரும் அன்றாடம் எனக்குத் தெருவில் வணக்கம் சொன்னவர்கள்.